இறங்கும்போது இனிக்கும்

அம்மா இங்கே வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கோயில், மால், காஸ்ட்கோ மூன்றையும் மாறி மாறிப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள், "இந்த ஊர்ல மலைன்னு ஒண்ணு கிடையாதாடா?" என்றார். அம்மா சேந்தமங்கலத்துக்காரர். வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தால் கொல்லிமலை தெரிகிற வீட்டில் நாற்பது வருடம் இருந்தவர். வர்ஜீனியாவில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் பார்க்கிங்தான் தெரியும்.

மலை இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் மேற்கே போனால் ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடர். அதன் மேல் ஷெனான்டோவா தேசியப் பூங்கா. அந்தப் பூங்காவின் நீளத்துக்கும், வடக்கே ஃப்ரண்ட் ராயலில் தொடங்கித் தெற்கே ராக்ஃபிஷ் கேப் என்ற கணவாய் வரைக்கும், ஸ்கைலைன் டிரைவ் என்ற 105 மைல் சாலை போகிறது. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்துகொண்டு நான் செய்ததெல்லாம், இலை நிறம் மாறும் அக்டோபரில் ஒரு ஞாயிறு போய், நாலு போட்டோ எடுத்து, இருட்டுவதற்குள் திரும்பியதுதான். இந்த முறை இரண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்குவது என்று முடிவு செய்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா.

இடம் கிடைப்பதே பெரிய பாடு. 51ஆவது மைலில் இருக்கும் பிக் மெடோஸ் முகாமில் அக்டோபர் சனி, ஞாயிறுகள் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தன. ஆறு மாதம் முன்பே பதிவு செய்கிறவர்களோடு போட்டி போட முடியாது. ஆனால் திட்டத்தைக் கைவிடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். தட்கல் டிக்கெட்டுக்கு உட்காருவது போலத் தினமும் ராத்திரி அந்தத் தளத்தைத் திறந்து பார்த்து, பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஓர் இடம் பிடித்தேன்.

இந்தச் சாலையைப் பற்றி எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கொல்லிமலைக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவு. வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினால் மேலே ஊர், சந்தை, கோயில். ஏறுவதுதான் பயணமே. ஸ்கைலைன் டிரைவ் அப்படி இல்லை. ஃப்ரண்ட் ராயலில் ஓர் ஏற்றம், அவ்வளவுதான். அதன்பின் சாலை மலையின் முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை மேலேயே போகிறது. தெற்கே போகும்போது இடது பக்கம் பார்த்தால் கிழக்குச் சமவெளி, வலது பக்கம் பார்த்தால் ஷெனான்டோவா பள்ளத்தாக்கு. மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. குளிர், காற்று, மூடுபனி, எந்த நடை சுலபம், எது ஆளைத் தின்னும் என்பது வரை. நான் அதை யோசிக்கவில்லை. அம்மா யோசித்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியது நாலரை ஆனது. ஏற்கெனவே காரில் ஏற்றிவிட்ட விறகை மனைவி இறக்கச் சொன்னதில் பாதி நேரம் போனது. விதிமுறைகளை உட்கார்ந்து படித்தவர் அவர் மட்டும்தான். வெளியிலிருந்து சாதாரண விறகைப் பூங்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்று ஆஷ் மரங்களைக் குடைந்து கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது, அது விறகுக்குள் உட்கார்ந்துதான் ஊர் ஊராகப் பரவுகிறது. சூட்டில் பதப்படுத்திச் சான்று ஒட்டிய விறகுதான் அனுமதி. முகாமின் பக்கத்திலேயே விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

நுழைவுக் கட்டணம் நாங்கள் போனபோது காருக்கு 30 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். இணையத்தில் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வரைபடத்தையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள், மேலே பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. முகவரி கேட்கிற பழக்கத்தையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். இங்கே எல்லாமே மைல் கணக்கு. சாலையோரக் கற்களில் எண் போட்டிருக்கும். 'நாற்பத்தொண்ணு புள்ளி ஏழில் வண்டியை நிறுத்து' என்றால் எல்லோருக்கும் புரியும்.

வேக வரம்பு மணிக்கு 35 மைல். நின்று நின்று போக ஏறக்குறைய 70 காட்சி மேடைகள் இருக்கின்றன. முதல் மூன்றில் நின்றோம். நாலாவதில் நிற்கும்போது வெயில் போய்விட்டது. தார்ன்டன் கேப் தாண்டியதும் மேகம் மலை மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கீழே இருப்பவர்களுக்கு அது மேகம், முதுகில் போகும் நமக்கு மூடுபனி. 32ஆவது மைலில் மேரிஸ் ராக் சுரங்கம், பாறையைக் குடைந்து 1932இல் போட்டது. அன்றைக்கு அந்தச் சுரங்கத்துக்குள்தான் கண் நன்றாகத் தெரிந்தது. வெளியே வந்ததும் மறுபடி வெள்ளைச் சுவர். பழக்கதோஷத்தில் ஹை பீம் போட்டேன், சுவர் இன்னும் பக்கத்தில் வந்து நின்றது. லோ பீம், ஓரத்துக் கோடு, இருபது மைல் வேகம், அதுதான் ஒரே வழி. இரண்டு இடத்தில் மான்கள் சாலை நடுவே நின்று எங்களை முறைத்தன. பெரிய வண்டி வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம்.

முகாமுக்குள் நுழையும்போது எட்டரை, கும்மிருட்டு. டென்ட்டை இதற்கு முன் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பெட்டியில் படம் அழகாக இருந்ததே போதும் என்று விட்டிருந்தேன். கம்பிகள் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே நீளம் மாதிரி இருந்தன, ஆனால் இல்லை. மகள் டார்ச் அடிக்க, மனைவி செய்முறைத் தாளைப் படிக்க, நான் மேல்துணியை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக் கழற்றி மறுபடி மாட்ட, ஒரு மணி நேரம் போனது. முளை அடிக்கச் சுத்தியல் இல்லை, கல்லால் அடித்தேன். வீட்டு ஹாலில் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் இருபது நிமிட வேலை. தலையில் மாட்டும் விளக்கு ஒன்று இருந்திருந்தால் போனை வாயில் கவ்வியிருக்க வேண்டாம். இன்னொன்று, '6 பேர்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் நாலு பேர் என்று கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் பெட்டி, பை, பாட்டியின் கால்வலித் தைலம் எதற்கும் இடமில்லை.

தைலத்தை நினைவுபடுத்தியவர் முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர். டார்ச்சோடு வந்து நலம் விசாரித்துவிட்டு, "சாப்பாட்டுச் சாமான் எல்லாம் காரில்தானே?" என்றார். ஆமாம் என்றேன். பற்பசை? சோப்பு? அதுவுமா என்றேன். வாசனை வருகிற எதுவும் டென்ட்டுக்குள் இருக்கக் கூடாதாம். இங்கே கருங்கரடிகள் அதிகம், அக்டோபரில் குளிர்காலத்துக்காகத் தின்றுகொண்டே இருக்கும். அம்மாவின் பையைத் திறந்தோம். மாவடு ஜாடி, புளிக்காய்ச்சல், கட்டிப் பெருங்காயம் (எதற்கு என்று இன்றுவரை தெரியாது), தேங்காய் எண்ணெய், அமிர்தாஞ்சன். "தலைக்கு வெக்கிற எண்ணெயைக்கூடவா கரடி திங்கும்?" என்றார் அம்மா. நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் சிரிக்காமல், தின்னும் என்றார். மொத்தமும் கார் டிக்கிக்குப் போனது. மூன்று நாளும் கார் மாவடு வாசம்தான்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் அடிவாங்குகிறார்கள். கீழே பள்ளத்தாக்கு ஊர்களின் வானிலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மேலே எப்போதும் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குறைவு. அன்றைக்கு ராத்திரி 38க்கு இறங்கியது, நம் கணக்கில் மூன்று டிகிரி. ஸ்லீப்பிங் பேக் நல்லதுதான், ஆனால் அதற்குக் கீழே நான் போட்டது காற்றடைத்த மெத்தை. அதற்குள் இருக்கும் காற்று வெளிக் குளிரளவுக்கு ஆறிப்போய், படுத்திருப்பவர் உடம்புச் சூட்டைக் கீழேயிருந்து உறிஞ்சுகிறது. மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு உறைகிறது. இரண்டு மணிக்கு அம்மா எழுந்து, ஊரிலிருந்து எங்களுக்குக் கொடுப்பதற்கென்று கொண்டுவந்து பிரிக்காமலே காரில் கிடந்த பவானி ஜமக்காளத்தை எடுத்துவரச் சொன்னார். நாலாக மடித்து மெத்தை மேல் போட்டுப் படுத்ததும் பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்தது. குளிருக்கு மேலே போர்த்துவதைப் போல இரண்டு பங்கு கீழே போட வேண்டும். ஃபோம் பாய் கிடைக்கிறது, காற்று மெத்தையை விட விலையும் குறைவு.

அதே ராத்திரியில் இன்னொரு கூத்து. யாரோ கல் எறிவது போல டொக், டொக் என்று டென்ட் மேல் சத்தம். அம்மா, "குரங்கு" என்றார். இங்கே குரங்கு கிடையாது. நான் கரடி என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். விடிந்து பார்த்தால் ஓக் மரத்துக் காய்கள், தொப்பி போட்ட கோலிக்குண்டு மாதிரி, டென்ட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கில்.

சனிக்கிழமை காலை வானம் கழுவி விட்டது போல இருந்தது. ரவை உப்புமா சாப்பிட்டு, மாவடுவைத் திரும்பக் காரில் பூட்டிவிட்டு, 41.7ஆவது மைலுக்குத் திரும்பிப் போனோம். அங்கிருந்து ஸ்டோனி மேன் உச்சிக்குப் போய்வர 1.6 மைல். உச்சியின் உயரம் 4,011 அடி, பூங்காவில் இரண்டாவது. ஆனால் கார் நிறுத்துகிற இடமே உயரத்தில் இருப்பதால் நாம் ஏறுவது 340 அடிதான். அம்மாவே முட்டியைப் பிடிக்காமல் ஏறினார். மேலே பாறை விளிம்பில் நின்றால் மேற்கே லூரே ஊர் தீப்பெட்டி அடுக்கியது போலத் தெரிகிறது, அதற்கு அப்பால் மசனட்டன் மலை, அதற்கும் அப்பால் ஒன்றன்பின் ஒன்றாக நீலம். இந்த நீலத்துக்குக் காரணம் மரங்கள் வெளியிடும் ஐசோப்ரீன் என்ற ஆவியாம். "நம்ம நீலகிரி மாதிரியே பேரு வெச்சிருக்காங்க" என்றார் அம்மா. எனக்கு அதுவரை தோன்றவில்லை.

இந்த வெற்றியில் தலைக்கனம் ஏறி, அடுத்து 50.7ஆவது மைலில் டார்க் ஹாலோ அருவி என்று அறிவித்தேன். போய்வர 1.4 மைல்தான், ஸ்டோனி மேனை விடக் குறைவு என்று விளக்கமும் கொடுத்தேன்.

பாதை தொடங்கி நூறடி போனதும் அம்மா நின்றுவிட்டார். "ஏண்டா, இது கீழ போவுது."

"ஆமாம்மா, அருவி கீழேதான் இருக்கு."

"அப்ப இது ஆகாய கங்கை கணக்குல்ல. இறங்கும்போது இனிக்கும்."

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பார்த்துக் குளித்துவிட்டு அத்தனையும் ஏற வேண்டும். அம்மா இளவயதில் ஒருமுறை அங்கே மாட்டிக்கொண்டு, பாதி வழியில் உட்கார்ந்து அழுத கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். சாலை முதுகில் போகிறது என்றால் அருவி எல்லாமே நமக்குக் கீழே. நடையின் சுலபப் பாதி முதலில் வருகிறது, கடினப் பாதி களைத்த பிறகு வருகிறது. பழனிக்கு நேர் எதிர். பழனியில் முடியாவிட்டால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே முடியாது என்று தெரிய வருவதே அடியில் நிற்கும்போதுதான்.

அம்மா ஓடையோரப் பாறை ஒன்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "நீங்க போய்ட்டு வாங்க கண்ணு, நான் இங்கேயே தண்ணியப் பாத்துட்டு இருக்கேன்." நாங்கள் மூவரும் இறங்கினோம். 20 நிமிடத்தில் அருவி. 70 அடி உயரம், பாறைப் படிகளில் தாவித் தாவி விழுகிறது. தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் சுற்றிலும் மஞ்சள் இலை, பச்சைப் பாசி, அழகுக்குக் குறைவில்லை. பாசி பிடித்த பாறையில் போட்டோவுக்காக ஏறிய இளைஞர் ஒருவர் எங்கள் கண்ணெதிரே சறுக்கி, நல்லவேளையாக உட்கார்ந்தபடி விழுந்தார்.

திரும்ப ஏற 440 அடி. ஐம்பது நிமிடம் ஆனது. பாதி வழியில் மகள், "அப்பா, கால் தீர்ந்துபோச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவள் என் தோளில். ஈர இலை வழுக்குகிறது, தண்ணீர் பாட்டில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் காலி. வழியெல்லாம் எங்களைப் போலவே அரை லிட்டர் பாட்டிலோடு, ரப்பர் செருப்போடு இறங்கிவிட்ட குடும்பங்கள் மரத்துக்கு மரம் சாய்ந்து நின்றிருந்தன. அதற்கப்புறம் எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இது: கீழே போகிற பாதை என்றால் இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டரை மடங்கு ஏற ஒதுக்கு, தண்ணீரில் முக்கால் பங்கை அடிக்குப் போகும் வரை தொடாதே. மைலைப் பார்த்து ஏமாறாமல் எத்தனை அடி ஏற்றம் என்ற எண்ணைப் பார். அது தகவல் பலகையிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

அம்மா பாறையில் அப்படியே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஓர் அமெரிக்கப் பாட்டி. அரை மணி நேரமாக இருவரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். எந்த மொழியில் என்று கேட்டதற்கு, "முட்டி வலிக்கு என்னடா மொழி" என்றார்.

சாயங்காலம் முகாமுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்சாலையில் காலாற நடந்தோம். காட்டுக்குள் திடீரென்று அம்மா நின்று, "இங்க ஆளுங்க குடியிருந்திருக்காங்க" என்றார். எனக்கு மரங்கள்தான் தெரிந்தன. அவர் கைகாட்டிய இடத்தில் இடுப்பளவு கல் கட்டு, பாதி சரிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் கோணல்மாணலாக நாலைந்து ஆப்பிள் மரங்கள். "தானா முளைச்ச மரம் வரிசையாவா நிக்கும்?"

உண்மைதான். இந்தக் காடு ஆதிக்காடு இல்லை. இதில் நிறைய இடம் நூறு வருடம் முன்பு வயலும் மேய்ச்சலும் தோப்பும்தான். பூங்கா அமைக்க வர்ஜீனியா அரசு நிலங்களைக் கையகப்படுத்தியது. 450க்கும் மேற்பட்ட குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியிருந்தது. சிலர் விற்றுவிட்டுப் போனார்கள், சிலரை வெளியேற்றினார்கள். 1935இல் பூங்கா உருவானது, 1936 ஜூலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதே பிக் மெடோஸில் வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்த இளைஞர் படைதான் சாலையோரக் கற்சுவர்களைக் கட்டியது, மரங்களை நட்டது. படித்ததை எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "கொல்லிமலைல போயி எல்லாரும் இறங்குங்கன்னா விடுவாங்களா?" என்றார். கீழே கிடந்த ஆப்பிள் ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்தார், எடுக்கவில்லை.

சூரியன் மறைவதைப் பார்க்க 48ஆவது மைலில் ஸ்பிட்லர் நோல் மேடைக்குப் போனோம். மேற்கைப் பார்த்த மேடைகளில் மாலையில் இடம் பிடிக்க முக்கால் மணி முன்பே போக வேண்டும். உதயத்துக்குக் கிழக்கைப் பார்த்தவற்றைத் தேடுங்கள், அங்கே கூட்டமே இருக்காது. அக்டோபரில் சூரியன் எழுவது ஏழு மணிக்கு மேல் என்பதால் தூக்கமும் பெரிதாகக் கெடாது.

ஞாயிறு காலை டென்ட்டைப் பிரித்துவிட்டு முதலில் பெட்ரோல். சாலை நெடுக பெட்ரோல் கிடைப்பது பிக் மெடோஸில் மட்டும்தான், விலையும் கூட. மலை ஏறும் முன்பே நிரப்பிக்கொள்வது நல்லது. அப்புறம் 56.4ஆவது மைலில் பேர்ஃபென்ஸ் என்ற பாறை உச்சி. இது நடை என்பதை விடத் தவழ்தல். பாறைகளை இரண்டு கையாலும் பிடித்து ஏற வேண்டும். மனைவியும் மகளும் போனார்கள், நான் அம்மாவுக்குத் துணை என்று சொல்லித் தப்பித்தேன். முந்தின நாள் கால் தீர்ந்துபோன அதே மகள் பல்லி மாதிரி ஏறினாளாம். குழந்தைகளுக்குத் தூரம்தான் சலிப்பு, ஆபத்து இல்லை போலிருக்கிறது.

அதற்கு அடுத்த மைலிலேயே லூயிஸ் மவுண்டன் முகாம். சின்னது, அமைதியானது, அடுத்த முறை அங்கேதான் தங்க வேண்டும் என்று மனைவி சொன்னார். 1939இல் அதைக் கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒதுக்கித் திறந்தார்கள் என்பதை அங்கே வைத்துத்தான் மகளுக்குச் சொன்னேன். இதே காடு, இதே காற்று, அதற்கும் தனி வாசல். 1950 வாக்கில்தான் பிரிவினை முழுதாகப் போனது. "அப்ப நாம வந்திருந்தா எங்க தங்கியிருப்போம்?" என்றாள். பதில் யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

தெற்குப் பாதியில் கார்கள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன. லாஃப்ட் மவுண்டன் தாண்டி எங்களுக்கு முன்னால் நாலு கார் வரிசையாக நின்றிருந்தது. கரடி. நாங்கள் பார்த்தது ஒரு கறுத்த பின்புறம், ஓக் மரத்தடியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்காதே என்று அம்மா அதட்டினார். மாவடு ஞாபகம்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஈர டென்ட்டைப் பைக்குள்ளேயே விட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஹாலில் சோபாவை ஒதுக்கி விரித்துப் போட்டோம். இரண்டு நாள் அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போனோம். அதன் மடிப்பிலிருந்து ஓக் காய்கள் இன்னும் உருண்டு வந்துகொண்டிருந்தன. உண்ணி இருக்கிறதா என்று எல்லோர் கால், கழுத்து, முட்டிப் பின்புறமும் பார்த்தோம். யாருக்கும் இல்லை.

அம்மா டிசம்பரில் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் திரும்பி வருவதாக ஏற்பாடு. போன வாரம் போனில், "இந்த வாட்டி மொதல்ல ஏத்தம், அப்பறம் எறக்கம், அப்படி இருக்கிற மலையாப் பாரு" என்றார். அதே பூங்காவில் அப்படி ஒன்று இருக்கிறது. ஓல்ட் ராக். ஸ்கைலைன் டிரைவிலிருந்து போக முடியாது, கிழக்கே அடிவாரத்திலிருந்துதான் ஏற வேண்டும். ஒன்பது மைலுக்கு மேல், உச்சிக்குப் பக்கத்தில் ஒரு மைல் பாறைக்குப் பாறை தொற்றி ஏற வேண்டும். ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு, அம்மா கேட்டது போலவேதான். மீதி விவரத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.